நியூட்ரல்

தையல் மெஷினுக்கு மேலே இரண்டாவது லைட்டை
வைகாசிக் கடைசியில் மாட்டினார் வீட்டுக்காரர்.
பணகுடிக் காற்றாலைக்குக் காவல் போகிறவர்,
வயரிங் படித்தவர் இல்லை.
சிவப்பை ஸ்விட்சிலிருந்து இழுத்தார்.
கறுப்பைக் கைக்கெட்டின கறுப்போடு முறுக்கி
டேப் சுற்றிவிட்டு
"எரியுதுல்லா" என்றார்.
எரிந்தது.

பாகச் சுவர் ஜன்னலை அடைத்த அறை அது.
பகலிலும் லைட் வேண்டும் ஊசிக்கண் தெரிய.
கொடைக்குப் பதினாலு ஜாக்கெட் துணி
வந்து குவிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காஜா எடுக்கையில் அணைந்தது.
அடுப்படியில் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது,
இது மட்டும் இல்லை.
பல்பைக் கழற்றி அடுப்படியில் போட்டேன்: எரிந்தது.
காலி ஹோல்டரில் டெஸ்டரை வைத்தேன்.
ஒரு முனை எரிந்தது, மறுமுனை எரியவில்லை.
எல்லாம் சரி என்றது டெஸ்டர்.
பல்பை மறுபடி மாட்டி
சீலிங் ரோஸ் மூடியைத் திருகி எடுத்தால்
கறுப்பிலும் எரிகிறது.
உள்ளே போனது திரும்ப வழியில்லாமல்
அங்கேயே நிற்கிறது.

ஒரு மணிக்குத் தானாக வந்தது.

நாள்காட்டித் தாளின் முதுகில் எழுதிவைத்தேன்.
ஞாயிறு ஒன்பதரை. புதன் சாயங்காலம் ஆறு.
மறு ஞாயிறு ஒன்பதரை.
மூன்றாம் ஞாயிறு காலை மெஷினிலிருந்து எடுத்து
காதைச் சுவரில் வைத்துக் காத்திருந்தேன்.
அந்தப் பக்கம் "டக்".
என் லைட் போனது.

தங்கபுஷ்பம்.
வீட்டைப் பூட்டினால் மெயினையும் அணைப்பாள்,
கேஸ் மூடுகிற மாதிரி.
நான் முதல் ஆராதனைக்குப் போய்வந்துவிடுவேன்.
அவள் இரண்டாவதற்குப் போவாள்,
என் முகத்தில் முழிக்காமலிருக்க.

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.
சுவரின் உச்சியில் ஒரு பொந்து வழியாக
அவர்கள் பெட்டிக்குள் இறங்குகிறது.
வீட்டை அளந்தார்கள், கிணற்றுக்கு முறை வைத்தார்கள்,
மீட்டர் இரண்டானது.
பழைய கறுப்பு வயரை யாரும் எண்ணவில்லை.
என் மீட்டர் வழியே வந்தது
அவர்கள் மீட்டர் வழியே திரும்பிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் உறைத்தது.
ஆனியில் கொழுந்தன் ஞானதுரை
மெயினை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி
ஃபேனைக் கழற்றினது.
தூக்கி எறிந்து முழங்கை பிசகி
தெருவில் நின்று கத்தினது:
"மெயின அமத்துன பொறவும் அடிக்குன்னா
அவ என்னத்தையோ செஞ்சு வச்சிருக்கா!"
நானும் கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.
அன்றைக்குக் கொஞ்ச நேரம் லைட் இல்லை,
கரண்ட் போச்சு என்று
ஸ்விட்சை அணைக்காமல் எழுந்து போயிருந்தேன்.
என் வெளிச்சம்தான் போய்
அவன் விரலில் அடித்திருக்கிறது.

கறுப்பு வயர் மூணு மீட்டர் வாங்கினேன்.
என் போர்டிலிருந்து புதிதாக இழுத்துக்கொள்ளலாம்.
பழைய முறுக்கை அவிழ்க்கத்தான்
ரெண்டு மெயினும் அணைய வேண்டும்.
இதற்கு ஆள் அனுப்ப முடியாது.

தங்கபுஷ்பம் கதவைத் திறந்தாள், கையெல்லாம் மாவு.
"ஒங்க மெயினக் கொஞ்சம் அமத்தணும்."
"எதுக்கு?"
சொன்னேன். டெஸ்டர் முதல் ஸ்டூல் வரை
ஒன்று விடாமல் சொன்னேன்.
உள்ளேயிருந்து ஞானதுரை,
"நான் அப்பவே சொன்னேம்லா."
சொல்லட்டும். பாதி சரிதானே.

ரெண்டு வீடும் இருண்டன.
ஆடிக்காற்றில் தூரத்து இறக்கைகளின் இரைச்சல்.
அவர் அங்கேதான் எங்கோ நடந்துகொண்டிருப்பார்.
தங்கபுஷ்பம் டார்ச் பிடித்தாள்,
கை ஆடாமல்.
அவர்கள் பக்கத்து முனையை நறுக்காமல்
டேப் சுற்றிப் பெட்டிக்குள் மடக்கினேன்.

இப்போது ஞாயிறு ஒன்பதரைக்கும் எரிகிறது.
அந்த "டக்" கேட்டால் மட்டும்
மிதிக்கிற கால் ஒரு நொடி நின்றுவிடும்.
அண்ணாந்து பார்த்துவிட்டு
மறுபடி மிதிப்பேன்.